டெல்லிக்கு இரண்டு கீழ் பெர்த்

நவம்பர் 9

மழை 34 மில்லிமீட்டர். காலை எட்டரைக்கு அளந்தது. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன பிறகும் மொட்டை மாடியில் மழைமானி வைத்து அளந்து எழுதுகிற ஆள் பாளையங்கோட்டையில் நான் ஒருவன்தான். வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் இதைத்தான் செய்தேன். அரசாங்கம் போதும் என்று சொல்லிவிட்டது. கைதான் கேட்கவில்லை.

வடிவு காலையிலேயே பேப்பரை மடித்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். டெல்லியில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் பிரான்ஸிலிருந்து இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்கள் முப்பது வருகின்றனவாம். டிசம்பர் பத்து முதல் ஜனவரி முப்பத்தொன்று வரை. அதில் ஒன்று மோனே என்பவர் வரைந்த வைக்கோற்போர்.

“இத நான் பாக்கணும்.”

“வைக்கோல் படப்பு பாக்க டெல்லி வரைக்கும் போகணுமா? கீழநத்தம் ரோட்டுல வரிசையா நிக்குதே, டவுன் பஸ்லயே போயிட்டு வந்திரலாம்.”

அவள் சிரிக்கவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். இந்தப் படத்தைப் பற்றி எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பாளோ, எல்லாம் புத்தகத்தில் வந்த அச்சை வைத்துத்தான். “அச்சுல நிறம் இருக்கும், கனம் இருக்காது. பெயிண்ட அப்பி அப்பி வச்சிருப்பாரு, வயல் வரப்பு மாதிரி நிக்கும். ஒரு தடவ கிட்ட நின்னு பாத்துட்டா போதும்” என்றாள்.

போதும் என்று அவள் சொன்ன விதத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். அக்டோபரில் அவளுடைய கணையத்தைப் பற்றி டாக்டர் சொன்னதை இந்த நோட்டில் எழுதவில்லை, எழுதுவதாகவும் இல்லை. மாதக்கணக்கில் பேசினார். வருடக்கணக்கில் பேசவில்லை.

பரணிக்குப் போன் போட்டாள். எங்கள் ஒரே பிள்ளை, புனேயில் வேலை. “மதுரையில காலையில ஏறுனா மத்தியானம் டெல்லிம்மா. டிக்கெட் நான் போடுதேன்” என்றான். “ரயில்தான்” என்றாள் இவள். அவனுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பசுமைப் படைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு விமானப் பயணம் எவ்வளவு கரியைக் காற்றில் விடுகிறது என்று கணக்குப் போட்டாள். ஊர் வெப்பநிலைப் பட்டியலை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். மறுநாள் காலைக் கூட்டத்தில் நானூறு பிள்ளைகள் முன்னால், இனி விமானத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அவள் ஓய்வு பெற்றபோது பாரிஸ் கூட்டிப் போகிறேன் என்று பரணி கெஞ்சினான். அங்கே இந்த ஓவியங்கள் அறை அறையாகத் தொங்குமாம். அதற்கும் மாட்டேன் என்றாள். அவன் புனேயில் வீடு எடுத்ததைப் பார்க்க ஒன்றரை நாள் ரயிலில்தான் போனோம். தட்டு, டம்ளர், தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் வீட்டிலிருந்து. டீ விற்கிறவர் காகிதக் கப்பை நீட்டினால் இவள் எவர்சில்வர் டம்ளரை நீட்டுவாள். பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

“அந்தப் படமே பிளேன்லதான வந்திருக்கும்?” என்று சீண்டினேன்.

“அது ஒண்ணு வந்து லட்சம் பேருக்குக் காட்டும். லட்சம் பேரு பாரிஸுக்குப் பறக்கதுக்கு அது எவ்வளவோ மேலு” என்றாள். பதிலைத் தயாராக வைத்திருக்கிறாள்.

நவம்பர் 11

மழை இல்லை. ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துவிட்டேன். டிசம்பர் 16, டெல்லி வண்டி. இரண்டுமே கீழ் பெர்த், 17, 20. உறுதியாகிவிட்டது. வடிவுக்கு 25ஆம் தேதி பிறந்தநாள். கல்யாணமான நாளிலிருந்து பிறந்தநாளுக்கென்று ஒன்றும் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கையில் கொடுக்கலாம் என்று இந்த நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். கேட்டவளிடம், வரிசை பெரிசு, பிறகு போகிறேன் என்றேன். முறைத்தாள்.

நவம்பர் 17

மழை 12 மி.மீ. வைக்கோற்போர் அச்சுப் படத்தை நாற்காலியில் சாத்தி வைத்து எனக்குப் பாடம் நடத்தினாள். அட்டையில் ஒட்டிய பழைய படம், மூலையெல்லாம் பிள்ளைகளின் கை பட்டு மழுங்கியிருக்கிறது.

“என்ன தெரியுது?”

“வைக்கோல் படப்பு.”

“அது எல்லாருக்கும் தெரியும். கண்ணக் கொஞ்சம் சுருக்கி, வெளிச்சத்த மட்டும் பாருங்க.”

சுருக்கிப் பார்த்தேன். வைக்கோல் மறைந்து வெறும் நிறம் நின்றது. நிழல் நீளத்தைப் பார்த்தால் சூரியன் அடிவானத்துக்கு மேலே பத்து, பன்னிரண்டு டிகிரி இருக்கும். தரையில் உறைபனி. மேகம் கிடையாது. குளிர்காலம், காலை நேரம், காற்று இல்லை. எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன்.

அவள் கையைத் தட்டிவிட்டாள். “அதேதான். படப்ப வரையல அவரு. அந்த நேரத்து வெளிச்சத்த வரைஞ்சிருக்காரு. வெளிச்சம் மாறுனா இந்தப் படத்த எடுத்து வச்சிட்டு அடுத்தத எடுப்பாராம். நாளைக்கு அதே நேரத்துக்கு வந்து இதத் தொடருவாராம்.”

ஒரே இடம், குறித்த நேரம், நாள் தவறாமல். அந்த மனுஷர் எங்கள் டிபார்ட்மென்டில் இருந்திருக்க வேண்டியவர். அப்படிச் சொன்னதும் வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பிடித்த கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

நிழலை ஏன் நீலமாக அடித்திருக்கிறார் என்று கேட்டேன். நிழல் நீலம்தான் என்றாள். கறுப்பு என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழநத்தம் ரோட்டுக்குப் போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. நீலமாகத்தான் இருந்தது. முப்பத்து நான்கு வருடம் வானத்தைப் பார்த்தவன் கீழே பார்க்கத் தவறியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து, பாதி கறுப்புதான் என்று சொன்னேன்.

நவம்பர் 22

தென்காசியில் செண்பகம் மதினியின் மாமியார் இறந்துவிட்டார்கள். மதினி என்றால் வடிவின் அக்கா. வடிவால் பஸ்ஸில் உட்கார முடியாது, நான் மட்டும் போய் வந்தேன்.

கிழவி இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். என்ன ஆசை, என்ன ஆசை என்று காதில் கேட்டிருக்கிறார்கள். அல்வா கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். வயல் மண்ணைக் கரைத்து நாக்கில் தொட்டு வைத்தார்கள். உயிர் அடங்கவில்லை. கடைசியில் துபாயில் இருக்கிற பேரன் நினைவு வந்து அவனை வரவழைத்தார்கள். நேற்று வந்தான். கிழவி அவன் கன்னத்தைத் தடவினார்களாம், அரை மணி நேரத்தில் போய்விட்டார்கள்.

“ஆசைதான் தம்பி உசுரப் பிடிச்சு வச்சிருந்துச்சு. தீந்துச்சு, போயிட்டாக” என்றாள் மதினி. வீட்டில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள்.

கழுதைக்குக் கல்யாணம் செய்தால் மழை பெய்யும் என்கிறவர்கள் நடுவில் மழையை அளந்து பிழைத்தவன் நான். இதெல்லாம் தற்செயல். பஸ்ஸில் வரும்போது அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆலங்குளம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 25

வடிவுக்கு அறுபத்து மூன்று முடிந்தது. நானே பாயசம் வைத்தேன். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். டிக்கெட்டைக் கொடுக்கவில்லை.

நவம்பர் 26

மழை 3 மி.மீ. ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன். வடிவிடம் வெயிட்டிங் லிஸ்ட் என்று சொன்னேன். டெல்லியில் டிசம்பர் மத்தியில் காலை வெப்பநிலை ஏழு, எட்டு டிகிரி. அவள் உடம்புக்கு ஆகாது. அதுதான் காரணம்.

டிசம்பர் 4

பயணத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறாள். காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்புகிறாள். புறவாசலில் துவைக்கிற கல்லில் ஏறி இறங்குகிறாள்.

“என்ன செய்யுதே?”

“ரயில் படி உசரம்லா. காலு பழகணும்.”

தட்டு, டம்ளர், துணிப்பை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறாள். குப்பை போட ஒரு தனிப்பை. இரண்டு நாள் ரயிலில் சேருகிற குப்பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து தரம் பிரிப்பாளாம்.

தினமும் லிஸ்டில் எத்தனையாவது எண் என்று கேட்கிறாள். முதலில் 31 என்றேன், பிறகு 24. இன்றைக்கு 19. பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டியிருக்கிறது. பெய்யாத மழையை நான் இதுவரை பதிவேட்டில் எழுதியதில்லை.

டிசம்பர் 16

கடைசி நிமிஷத்தில் கிடைக்கலாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஸ்டேஷனுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். டெல்லி வண்டி வந்தது. எங்கள் பெட்டியில் ஒரு வயதான ஜோடி ஏறியது. அந்த அம்மாளுக்கு உயரமான படியில் ஏறத் தெரியவில்லை, அவர் பின்னாலிருந்து தாங்கி ஏற்றினார். வண்டி போன பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

வடிவு வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். மூட்டை காலடியில்.

“கெடைக்கல” என்றேன்.

“சரி. அடுத்த வண்டிக்குப் போடுங்க. இன்னும் நாள் இருக்குல்லா” என்று சொல்லி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

டிசம்பர் 27

ஸ்கேன் காட்டிவிட்டு வந்தோம். படத்தைப் பார்த்தால் இவர்கள் எழுந்து நடப்பதே கஷ்டம், எப்படி மாடியேறி வந்தார்கள் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். நான் ஆச்சரியப்படவில்லை.

ஆசை இருக்கிறது, அதனால் ஏறினாள். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். தென்காசியிலிருந்து வந்த அன்றே இதை முடிவு செய்துவிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று அவளே சொன்னாள். போதும் என்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? இன்னும் அடுத்த வண்டிக்கு டிக்கெட் எடுக்கவில்லை. வடிவிடம், எடுத்துவிட்டேன், லிஸ்டில் 40க்கு மேல் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 5

பரணி நாலு நாள் லீவில் வந்திருக்கிறான். அம்மா மெலிந்ததைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

“அம்மா, நாளைக்கே பிளேன்ல போவோம். மறுநாள் திரும்பிரலாம். ஒரே ஒரு தடவம்மா. ஒன் பிள்ளைக்காக.”

“நானூறு பிள்ளைய முன்னால சொன்னேன்டா.”

“அவங்கள்ல பாதிப்பேரு இப்ப அமெரிக்காவுல இருக்காங்க. பிளேன்லதான் போனாங்க.”

“அது அவங்க பாடு. நான் சொன்னது என் பாடு.”

அவன் என் பக்கம் திரும்பினான். “நீங்க சொல்லுங்கப்பா.”

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவளுடைய கொள்கைக்கு நான் வக்காலத்து வாங்கியதே இல்லை. இன்றைக்கு வாங்கினேன். அம்மா சொல்வது சரிதான், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா என்றேன். வடிவு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். பரணி சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். நல்லவேளை, யாரும் என் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை.

ஜனவரி 12

வலி மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒன்று. மூன்று மணி நேரத்திலேயே கேட்கிறாள். மழை அளக்கப் போகவில்லை.

ஜனவரி 18

காலையில் காபியோடு போனேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

“பரணிகிட்ட பேசிட்டேன். இருபத்து மூணாம் தேதிக்கு பிளேன் டிக்கெட் போடச் சொல்லியாச்சு.”

அவள் முகம், பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

“ரயிலுக்கு எவ்வளவு நாள் காத்துக் கெடக்கது? இனிமே ரெண்டு நாள் என்னால உக்காரவும் முடியாது. பேப்பர் எடுத்திட்டு வாங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடுதாசி எழுதணும். என் கை நடுங்குது, நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க.”

எழுதினேன்.

‘பசுமைப் படைப் பிள்ளைகளுக்கு, சண்முகவடிவு டீச்சர் எழுதுவது. பதினோரு வருடத்துக்கு முன்னால் உங்கள் அக்காமார்கள் முன்னால் ஒரு வாக்குக் கொடுத்தேன். இப்போது அதை மீறப் போகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால் நானே சொல்கிறேன். ரயிலில் போக இரண்டு மாதமாக முயற்சி செய்தோம். இடம் கிடைக்கவில்லை.’

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“‘இடம் கிடைக்கவில்லை’ எழுதிட்டியளா? அடுத்து, ‘என்னைப் பார்த்து நீங்கள்...’”

“இடம் கெடச்சுது, வடிவு.”

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். 17, 20. பிறந்தநாளுக்குக் கொடுக்க வைத்திருந்தது, தென்காசிக் கிழவி, நான் சொன்ன எண்கள், ஸ்டேஷன் பெஞ்சு. சொல்லி முடித்ததும் அவள் கையிலிருந்த போனைத் தலையணையோரம் வைத்தாள்.

“ஆசை இருக்க வரைக்கும் உசுரு இருக்கும்னு நெனச்சிய.”

“ஆமா.”

“உசுரு இருக்க வரைக்கும் வலியும் இருக்கும்லா. அத யாரு படுதா?”

நான் அதை யோசிக்கவே இல்லை. உண்மையாகவே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ஒவ்வொரு நாளையும் நான் லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். அவள் என் தலையைத் தொடவில்லை.

மத்தியானம் அவளாகவே பேசினாள். “அந்தக் கடுதாசியக் கிழிச்சிருங்க. அது பொய். ரயிலுக்கு டிக்கெட் எடுங்க. படுத்துக்கிட்டே வாரேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “பரணிகிட்ட மட்டும் இதச் சொல்லிராதிய. எனக்குப் பெறகு ஒங்களுக்குன்னு இருக்கது அவன் ஒருத்தன். தெரிஞ்சா ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டான். நான் கேக்கது இது ஒண்ணுதான்.”

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஜனவரி 20

தட்கலில் நாளைய வண்டிக்கு இடம் கிடைத்தது. டிக்கெட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். பரணியிடம் அவளே போனில், ரயில் கெடச்சிட்டு, பிளேன் வேண்டாம் என்றாள். குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

மாலையில் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. ரயிலாவது பிளேனாவது, ஜங்ஷன் வரை போவதற்கே உடம்பு தாங்காது என்றார். வாசலுக்கு வந்து, “பொங்கலுக்கு முன்னாடி கேட்டிருந்தா ஒரு நர்ஸத் துணைக்குப் போட்டு நானே அனுப்பி வச்சிருப்பேன் சார்” என்றார்.

இரண்டாவது தடவையாக டிக்கெட்டை ரத்து செய்தேன்.

ஜனவரி 31

“இன்னைக்கு முடியுதுல்லா?” என்று காலையில் கேட்டாள். தேதி மறக்கவில்லை.

அச்சுப் படத்தை எடுத்து நாற்காலியில் வைக்கப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். “எதுத்த வீட்டுச் சுவருல வெளிச்சம் எப்படி விழுது? சொல்லுங்க.”

அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எட்டரைக்குச் சுவர் எலுமிச்சம்பழத் தோல் நிறம். பத்தரைக்கு வெளுத்துவிட்டது, சுண்ணாம்பு உரிந்த இடமெல்லாம் தெரிந்தது. பன்னிரண்டுக்கு நிறமே இல்லை, கண் கூசியது. மூன்று மணிக்கு வானத்தில் எட்டில் ஆறு பங்கு மேகம், சுவர் சாம்பல். நாலரைக்கு மேகம் விலகி, வெந்த பரங்கிக்காய் மாதிரி ஆனது. அரைமணிக்கு ஒரு தடவை சொன்னேன். தூங்கினால் நிறுத்தினேன், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.

“நிழலு?” என்று கேட்டாள்.

“நீலம். கீழநத்தத்துலயும் நீலமாத்தான் இருந்துச்சு. அன்னைக்குப் பொய் சொன்னேன்.”

“தெரியும்” என்றாள். இன்றைக்குத்தான், பதின்மூன்று நாளைக்குப் பிறகு, என் கையைப் பிடித்தாள். டெல்லியில் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

பிப்ரவரி 3

செண்பகம் மதினி வந்துவிட்டாள். பரணியும் வந்துவிட்டான். மதினி கட்டிலில் உட்கார்ந்து தங்கச்சியின் காதோரம் குனிந்தாள்.

“ஏட்டி வடிவு, ஒனக்கு என்னட்டி ஆசை? சொல்லு, அக்கா கொண்டாரேன்.”

வடிவு கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் பாத்தாச்சு.”

பிப்ரவரி 5

காலை 9.40க்கு வடிவு போய்விட்டாள். ஆசை தீரவில்லை. அப்படியும் போய்விட்டாள்.

பிப்ரவரி 20

பதினாறாம் நாள். படையலுக்கு இலை போட்டு மதினி பரிமாறினாள். சொதி, ஆமவடை, பாயசம், வடிவுக்குப் பிடித்த கருப்பட்டிக் காபி. ஓரத்தில் புதுச் சேலை. படையலுக்கென்று அவளுடைய எவர்சில்வர் டம்ளரை நான்தான் கழுவிக் கொடுத்தேன்.

“வேற எதும் ஆசப்பட்டாளா தம்பி? விட்டுப் போச்சுன்னா மனசு கேக்காது” என்றாள் மதினி.

இல்லை என்று தலையாட்டினேன். சத்தியம் செய்திருக்கிறேன்.

பரணிதான் பேசினான். “அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் பெரியம்ம. டெல்லியில ஒரு படம் பாக்கணும்னு இருந்தா. ஜனவரியில நான் வந்து காலப் பிடிக்காத கொறையா கேட்டேன். அப்பமே பிளேன்ல வந்திருந்தா பாத்திருப்பா. பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தாலயே பாக்காமப் போயிட்டா.”

“இவ ஒருத்தி ஏறாட்டா பிளேன் பறக்காமயா போயிரும்?” என்றாள் மதினி. “கொள்க கொள்கன்னு கடைசியில என்னத்தக் கண்டா?”

பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். தென்காசியில் ஆட்டினது போலவே எல்லோரும் ஆட்டினார்கள். யாரோ, டீச்சர் நல்லவங்கதான், ஆனா கொஞ்சம் அதிகம் என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் கேட்டது அதைத்தான். ஆனால் இனிமேல் இந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இப்படித்தான் வரும். வீம்பு பிடித்து ஏமாந்துபோனவள் என்று சொல்வார்கள். பதினோரு வருடம் ஒரு தடவைகூடத் தவறாமல் காப்பாற்றிய வார்த்தையை, என் பழியை மறைக்கிற சாக்காக ஆக்கிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட வேண்டும். என்னால் முடியவில்லை.

“அவ பிடிவாதம் இல்ல பரணி” என்றேன். “ரயில்ல இடம் நவம்பர்லயே கெடச்சுது. ரெண்டு கீழ் பெர்த். நான்தான் ரத்து செஞ்சிட்டு, கெடைக்கலன்னு ரெண்டு மாசம் பொய் சொன்னேன். படத்தப் பாத்துட்டா போயிருவாளோன்னு பயந்தேன்.”

மதினி வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். பரணி கையில் கற்பூரத் தட்டோடு நின்றான்.

“நான் வந்து கெஞ்சுனேனே. அப்ப, கொடுத்த வாக்கக் காப்பாத்தணும்னு சொன்னீங்களே. அப்பமும் தெரியுமா?”

“தெரியும்.”

“அம்மாவுக்கு?”

“கடைசியில சொல்லிட்டேன். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.”

அவன் தட்டைக் காட்டி முடித்தான். இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. பந்தியில் உட்காரவில்லை.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது என்பது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படித்தான் எழுந்து போனார்கள். மதினி அப்படித்தான் போனாள். சாயங்காலம் பரணியும் பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனான்.